காதில் விழும்படி பதில் இல்லை

1.

இந்தக் கதை நான் அடித்த நான்கு சொற்களிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நீதிமன்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். ஹோலம் என்கிற இந்தச் சோளக்காட்டு ஊரில், வீட்டு முன்னறையில், காதில் ஹெட்போனும் காலடியில் பதிவை முன்னும் பின்னும் ஓட்டும் பெடலுமாக உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்கள் சண்டையை அடித்துத் தந்துகொண்டிருக்கிறேன். சென்ற அக்டோபரில், 212ஆம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் அந்த நான்கு சொற்களை அடித்தேன். அவை சரியான சொற்கள். விதிப்படி அங்கே வேறு எதையும் அடித்திருக்க முடியாது. அவற்றால் ஒரு பெண்ணுக்குத் தன் மகள் இல்லாமல் போனாள்.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த முறை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. பொருள், பார்வை என்று இரண்டு வரி போட்டால்தான் எனக்கு மேற்கொண்டு ஓடும். ஆகவே:

பொருள்: ட்வைலா வாவ்ரா என்பவர், தன் ஐந்து வயது மகள் ஓப்பல் மீதான தாயுரிமையை ரத்து செய்த தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தது தொடர்பாக.

பார்வை: பக்கம் 212, வரி 9.

2.

முதல் தொடக்கம்: "ட்வைலா வாவ்ரா மழையில் நனைந்தபடி நீதிமன்றப் படிகளில்—"

அன்று மழை இல்லை. விசாரித்துப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "ஓப்பலின் கண்கள்—"

ஓப்பலை நான் பார்த்ததே இல்லை. அவள் கண்களைப் பற்றிப் பதிவிலும் ஒரு வரி கிடையாது. இதையும் வெட்டிவிட்டேன்.

(மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு குணம் உண்டு. பதிவில் இல்லாதது அதற்கு உலகத்திலேயே இல்லை. புதுச் சாட்சி கிடையாது, புது ஆவணம் கிடையாது. கீழ் நீதிமன்றத்தில் பேசியதைத் தாளில் அடித்தது எதுவோ, அதுதான் எல்லாம். இந்தக் கதைக்கும் அதே விதியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு ஆறாம் பகுதி வரை தாங்கியது.)

மூன்றாம் தொடக்கம். இதை வைத்துக்கொள்கிறேன்.

ஹோலம் ஊருக்குச் சோறு போடுவது முட்டை ஆலை. லாரி லாரியாக முட்டை வரும்; இயந்திரம் உடைத்து, வெள்ளை வேறு மஞ்சள் வேறாகப் பிரித்து, தொட்டியில் ஏற்றி அனுப்பும். ட்வைலாவுக்கு விளக்கடி வேலை. கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் பெல்ட்டில் முட்டைகள் ஓடிவரும். இரத்தப் பொட்டு உள்ளதைப் பார்த்துப் பொறுக்கி எறிய வேண்டும். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது, எல்லார் காதிலும் அடைப்பான். அதனால் அங்கே எட்டு மணிநேரமும் வாய் வேலை செய்யாது. தலைதான் பேசும். ஒரு ஆட்டு ஆட்டினால் சரி. இரண்டு ஆட்டினால் சரி, பெல்ட்டை நிறுத்து. விடாமல் ஆட்டினால் ஆமாம், ஆமாம், உயிரே போனாலும் ஆமாம்.

வேலை முடிந்தாலும் பழக்கம் முடிவதில்லை. ஆலைக்காரர்கள் கல்யாணத்தில் "சம்மதமா?" என்று பாதிரியார் கேட்டால் மாப்பிள்ளை தலையை ஆட்டுவான், பெண்ணும் ஆட்டுவாள். பாதிரியார் பழகியவர். முடித்துவைத்துவிடுவார்.

நீதிமன்றம் அந்தப் பழக்கத்துக்கு வரவில்லை.

3.

இங்கே என் கதாநாயகியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவளை அளவுக்கு மீறி நல்லவளாக்கிவிட்டேன். வாசகரை வளைத்துப்போட அதுதான் சுலபமான வழி. ஆனால் பக்கம் 31 இப்படிச் சொல்கிறது: முதுகுவலிக்கு ஆரம்பித்த மாத்திரை, பிறகு வலியில்லாமலும் வேண்டியிருந்த மாத்திரை. ஒரு ஜூலை மதியம் சலவைக்கடை வாசலில், காரின் பின்சீட்டில், மூன்று வயது ஓப்பல் நாற்பது நிமிடம் தனியாக இருந்தாள். ட்வைலா உள்ளே இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி போடாத இயந்திரம். வழியில் போன தபால்காரர்தான் கண்ணாடியை உடைத்தார்.

இதையும் எழுதத்தான் வேண்டும். ஓப்பலை வளர்க்கும் வளர்ப்புக் குடும்பம் நல்ல குடும்பம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர்கள் வீட்டில் குட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. குதிரைக்கு எதிராக வாதாடுவது கஷ்டம் என்று ட்வைலாவின் வக்கீலே என்னிடம் சொன்னார்.

அந்த ஜூலைக்குப் பின் இருபத்தாறு மாதம். சிகிச்சை, வகுப்பு, வாரம் இரண்டு தடவை சிறுநீர்ப் பரிசோதனை, வீடு, வேலை. நீதிமன்றம் கொடுத்த பட்டியலில் பதினெட்டு வரி, பதினெட்டையும் முடித்தாள். விசாரணையில் அரசு வக்கீல் கடைசியாகக் கேட்டார்:

கேள்வி: ஓப்பல் உங்களிடம் திரும்பி வர வேண்டும் என்று விரும்புகிறீர்களா?

பதில்: (காதில் விழும்படி பதில் இல்லை)

கேள்வி: வேறு கேள்வி இல்லை.

அவள் தலையை ஆட்டினாள். நீதிபதி பார்த்தார், குமாஸ்தா பார்த்தார், அப்போது அவளுக்கு வாதாடிய வக்கீலும் பார்த்தார். "தலையசைத்தார் என்று பதிவாகட்டும்" என்று ஒரு ஆள் ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டதால் யாரும் வாயால் சொல்லவில்லை.

தீர்ப்பு எழுதுவதற்கு முன் அந்த நீதிபதி ஓய்வு பெற்று மீன் பிடிக்கப் போய்விட்டார். அடுத்து வந்தவர் நான் அடித்துக் கொடுத்த பதிவைப் படித்துத் தீர்ப்பு எழுதினார்: "மகளைத் திரும்பப் பெற விருப்பமா என்ற நேரடியான கேள்விக்குத் தாய் மௌனமாக இருந்தார். அந்த மௌனம் இந்த நீதிமன்றத்தின் காதில் இடியாக விழுகிறது."

காதில் எதுவும் விழவில்லை என்று நான் அடித்ததுதான் அவர் காதில் இடியாக விழுந்திருக்கிறது.

4.

மேல்முறையீட்டுக்கு அரசு செலவில் புது வக்கீல் வந்தார். பெயர் ஹார்லன் புக்வால்டர். அறுபத்தெட்டு வயது, உதட்டை மறைக்கும் மீசை. (இவரை நம்புவார்களா என்று யோசித்து மீசையை எடுத்துப் பார்த்தேன். அடுத்த காட்சி நடக்கவில்லை. திரும்ப ஒட்டிவிட்டேன்.)

எங்கள் மாநிலத்தில் தாயுரிமை வழக்கில் மேல்முறையீட்டு அறிவிப்பை வக்கீல் மட்டும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் செல்லாது. தாயே கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்து நாள் கெடு. நியமன உத்தரவு ஹார்லனின் பழைய முகவரிக்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்தது பதினைந்தாம் நாள் மத்தியானம். அவர் நேரே முட்டை ஆலைக்கு ஓடினார். வாசலில் தலைக்கு ஒரு வலைத்தொப்பி கொடுத்தார்கள். மீசைக்கு ஒரு வலை கொடுத்தார்கள். நீல உறையில் காலை நுழைத்துக்கொண்டு பெல்ட்டருகே போய்க் கத்தினார்.

"ட்வைலா! கையெழுத்து! இன்னிக்கே!"

அவள் தலையை ஆட்டினாள்.

"என்ன விஷயம்னு புரிஞ்சுதா?"

அவள் மறுபடி ஆட்டினாள்.

"அம்மா தாயே, தலையாட்டாதே! தலையாட்டித்தான் இங்க வந்து நிக்கிறோம்!"

அவள் அடைப்பானைப் பிடுங்கினாள். "என்ன கத்துறீங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலை."

"அப்ப எதுக்கும்மா தலைய ஆட்டினே?"

"நீங்க வாயசைச்சீங்க. மரியாதைக்கு ஆட்டினேன்."

ஹார்லன் மீசை வலைக்குள் பெருமூச்சு விட்டார். கையெழுத்து விழுந்தது. தாளின் மூலையில் ஒரு மஞ்சள் கறையும் விழுந்தது. நீதிமன்ற எழுத்தர் அதைக் கையெழுத்தின் ஒரு பகுதி என்று பதிவு செய்துகொண்டார்.

5.

(சின்னப் பகுதி. வாசகர் தாண்டிப் போகலாம்.)

மேல்முறையீடு செய்பவரின் வாதுரைக்கு நீல அட்டை போட வேண்டும் என்பது விதி. ஹார்லன் போட்ட அட்டை போதுமான நீலமில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவது அட்டை அதிக நீலம். மூன்றாவதை ஏற்றுக்கொண்டார்கள். வாதுரைக்குச் சொல் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் உண்டு; வரம்பை மீறாமல் இருக்க ஹார்லன் எல்லா அடைமொழிகளையும் வெட்டினார். "அன்புள்ள தாய்" வெறும் தாயானாள். "அநியாயமான தீர்ப்பு" வெறும் தீர்ப்பானது. எனக்கும் இந்தக் கதையில் ஒரு வரம்பு இருக்கிறது. அதனால் இந்தப் பகுதியை இத்தோடு

6.

ஒரு செவ்வாய்க்கிழமை வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ட்வைலா. ஒரு கையில் கீறல் விழுந்த முட்டைகள் ஒரு அட்டை. ஆலையில் வேலைக்காரர்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். இன்னொரு கையில் ஒரு தாள்.

"நீங்கதானா அது?"

"எது?"

"இது." பதிவின் கடைசிப் பக்கத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "'உள்ளது உள்ளபடி தட்டச்சு செய்தேன்.' கீழ உங்க பேரு, விலாசம். உள்ளதுன்னா என்னங்க? நானும் அங்கதானே இருந்தேன்?"

"ஒலிப்பதிவுல உள்ளதும்மா."

"தலை இருந்துச்சே!"

"தலைக்குச் சத்தம் கிடையாதே."

"எத்தனை தரம் ஆட்டினேன் தெரியுமா உங்களுக்கு? கழுத்து சுளுக்கிக்கிச்சு. வீட்டுக்குப் போய் ஐஸ் வெச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

"சிரிங்க, சிரிங்க," என்றாள். "அழுறதுக்குத்தான் நான் இருக்கேனே." முட்டை அட்டையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

வழக்கில் சம்பந்தப்பட்டவருக்கு நான் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டக் கூடாது. போட்டேன். (இந்தக் கதையின் விதி உடைந்த இடம் இது.) அரசு வக்கீலின் கேள்வி காதில் விழுந்தது. பிறகு காற்றுக் குழாயின் இரைச்சல். அதற்குள், மெலிதாக:

டிக். டிக். டிக். டிக். டிக்.

எனக்கு அந்தச் சத்தம் நினைவிருந்தது. யாரோ பேனாவைத் தட்டுகிறார்கள் என்று விட்டிருந்தேன். பேனா, இருமல், நாற்காலி: அடிக்க வேண்டாம் என்பது எங்கள் கையேட்டில் உள்ளது.

ட்வைலாவின் கை கழுத்துக்குப் போனது. சட்டைக்குள்ளிருந்து ஒரு மணிமாலையை இழுத்து வெளியே போட்டாள். பெரிய பெரிய மரமணிகள், சாயம் பூசியவை, நடுவில் காலணிக் கயிறு. அதிகாரி மேற்பார்வையில் தாயும் மகளும் சந்திக்கும் அறையில், கடைசிச் சந்திப்பில், ஓப்பல் கோத்துக் கொடுத்தது. என் மேசைமேல் சாய்ந்து தலையை ஆட்டினாள். மணி விளிம்பில் இடித்தது.

டிக்.

"அது நான்தான்," என்றாள். "அதுதான் என் பதிலு. அடிங்க."

"இப்ப அடிக்க முடியாது ட்வைலா."

"ஏன்?"

"உள்ளது உள்ளபடின்னு ஏற்கனவே கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்கும் ஒரு நாள் யாராவது தட்டச்சு பண்ணுவாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அது சாபமா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அன்று மாலையே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினேன். பொருள்: மணிச் சத்தம் விடுபட்டது தொடர்பாக. பதினோரு நாளில் பதில் வந்தது: "தங்கள் கடிதம் கிடைத்தது. பதிவில் தவறு இருப்பதாகக் கூறும் தங்கள் கடிதம் பதிவில் இல்லாததால், பதிவில் தவறு இருப்பதாக எங்களால் கருத இயலாது. எனினும் தரப்பினர் இதுபற்றி வாதிடலாம்."

7.

இந்தப் பகுதியை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. ஆனால் அதன் ஒலிப்பதிவும் முறைச் சுற்றில் என்னிடம்தான் வந்தது. கூடாதுதான்; வந்தது. கண்ணால் பார்த்த விவரமெல்லாம் ட்வைலா பிற்பாடு சொன்னது.

மூன்று நீதிபதிகள். நடுவில் தலைமை நீதிபதி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட அம்மாள். வலப்பக்கம் இருமல் மிட்டாய் சப்பும் ஒருவர். இடப்பக்கம் இருந்தவர் கடைசிவரை பேசவில்லை, ஆகவே பதிவில் இல்லை. மேல்முறையீட்டில் கட்சிக்காரர் பேசக் கூடாது என்பதால் ட்வைலா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அரசுத் தரப்பில் ஒரு இளைஞர், கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டியவர். ஒலிப்பதிவில் உள்ள டிக் டிக்தான் ட்வைலாவின் பதில் என்று ஹார்லன் வாதிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இல்லைன்னு தலையாட்டினாலும் மணி இடிக்கும்தானே, கனம் நீதிபதிகளே," என்றார் அவர்.

"இடிக்குமா?" என்றார் தலைமை நீதிபதி.

"இடிக்கும்னு வாதிடறேன்."

"இடிச்சுப் பாத்தீங்களா?"

"பதிவுல மணி இல்லையே அம்மா. எப்படிப் பாக்கிறது?"

ஹார்லன் எழுந்தார். "மணி இங்கயே இருக்குங்க. அவ கழுத்துல."

மிட்டாய் நீதிபதி குறுக்கிட்டார். "சத்தம் ஒலிப்பதிவுல இருக்கு. மணி பதிவுல இல்ல. மணி இல்லாத சத்தத்தை மட்டும்தான் சட்டப்படி நாம கேக்கலாம்."

"அதுக்குப் பேரு வழக்கு இல்ல, பேய்க்கதை," என்றார் தலைமை நீதிபதி. "மணியக் கொண்டாங்க."

(நான் பிறந்த ஊரில் தலையாட்டலுக்கு ஒன்பது அர்த்தம் உண்டு. அதைப் பற்றிக் கடிதத்தில் எழுதாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று இந்த இடத்தைக் கேட்கும்போது தோன்றியது.)

மாலையை அரசு வக்கீலின் கழுத்தில் போட்டார்கள். மேசைமேல் சாய்ந்து மேலும் கீழும் ஆட்டினார். டிக், டிக். பக்கவாட்டில் ஆட்டினார். மணி ஊஞ்சலாடியது, இடிக்கவில்லை. அவருக்கு வழக்கு கைநழுவிப்போகிறது என்று பட்டிருக்க வேண்டும். இன்னும் வேகமாக ஆட்டினார். நாய் குளித்துவிட்டு உதறுவதுபோல் ஆட்டினார். கயிறு அறுந்தது.

இந்த இடத்தில் (மணிகள் சிதறும் ஒலி) என்று அடித்தேன். கையேட்டின்படி அடிக்கக் கூடாது.

பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம். இரண்டு வக்கீல்களும் காவலரும் மண்டியிட்டுத் தவழ்ந்தார்கள். மிட்டாய் நீதிபதி அங்கியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு அடியில் பார்த்தார். இருபத்துமூன்று மணிகளையும் ஹார்லனின் தண்ணீர்க் கோப்பையில் சேர்த்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க," என்றார் அரசு வக்கீல். "நானே கோத்துத் தந்துடறேன்." கயிற்றில் ஒரு சிவப்பைப் போட்டார், ஒரு வெள்ளையைப் போட்டார்.

"அப்படி இல்ல."

பின்வரிசையிலிருந்து. மைக்குக்கு வெகு தூரம். பெடலை மூன்று தரம் மிதித்துக் கேட்டேன். அவள்தான்.

"கட்சிக்காரர் பேசக் கூடாதும்மா," என்றார் தலைமை நீதிபதி.

"சிவப்பு ரெண்டு," என்றாள் ட்வைலா. "அப்புறம் மஞ்சள். அப்புறம் பச்சை, ஓரம் கடிபட்டது. அது அவ பல்லு. அப்புறம் மறுபடி மஞ்சள்."

யாரும் தடுக்கவில்லை. மணி கயிற்றில் இறங்கும் சத்தம்கூடக் கேட்கிறது. அவள் சொல்லச் சொல்ல அவர் கோத்தார். ஊதா, ஊதா, சிவப்பு, சாயம் போனது. பதினேழாவது மணியில் அவர் கை தவறியது.

"அது வெள்ளை. வேண்டாம், நடுவுல ஆரஞ்சு போடுங்க. நீலத்துக்குப் பக்கத்துல வெச்சா வெள்ளைக்குக் குளிருமாம்."

"யாரு சொன்னது?" என்று கேட்டார் அரசு வக்கீல். சாட்சியிடம் கேட்கும் குரலில் இல்லை.

"ஓப்பல்."

அவர் வெள்ளையை எடுத்துவிட்டு ஆரஞ்சைப் போட்டார். இருபத்துமூன்றாவது மணிவரை அவள் வாயால் சொன்னாள். முடித்ததும் உட்கார்ந்தாள்.

தலைமை நீதிபதி தொண்டையைச் செருமினார். "இப்ப கேட்டது பதிவுக்கு வெளியில. அதை நாங்க கேக்கவே இல்ல. விளங்குதா வக்கீலே?"

(காதில் விழும்படி பதில் இல்லை)

"வாய்விட்டுச் சொல்லுங்க மிஸ்டர் புக்வால்டர்."

"விளங்குதுங்க."

8.

இனி முடிவு.

முதல் முடிவு: மூவரும் தீர்ப்பை ரத்து செய்கிறார்கள். ஓப்பல் வருகிறாள். எழுதிப் பார்த்தேன். குட்டைக் குதிரையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிட்டது. ட்வைலாவைக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன், அதுல என்ன?" என்றாள். எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

இரண்டாம் முடிவு: கேட்டதைக் கேட்கவில்லை என்று அவர்களே சொல்லிவிட்டதால், கேட்காததை வைத்துத் தீர்ப்பை உறுதி செய்கிறார்கள். இதையும் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அதை அச்செடுத்து மேசையில் வைக்க எனக்குக் கை வரவில்லை. ஏனென்றால் செவ்வாய்தோறும் அந்த மேசைக்கு ஆள் வருகிறது.

மூன்றாம் முடிவு: வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பி, அந்த ஒரு கேள்வியை மறுபடி கேட்கச் சொல்கிறார்கள். அவள் எழுந்து நிற்கிறாள். வக்கீல் கேட்கிறார். அவள் பழக்கதோஷத்தில்— இல்லை. இதை எழுதமாட்டேன்.

உண்மையில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. வாதம் முடிந்து ஒன்பது வாரம். ட்வைலா வேலை முடிந்து கீறல் முட்டையோடு வருகிறாள். மாலை கழுத்தில்தான் இருக்கிறது, இப்போது மீன்பிடி நரம்பில் கோத்திருக்கிறாள்.

"வந்துச்சா?"

நான் தலையை இடவலமாக ஆட்டுகிறேன்.

"வாயால சொல்லுங்க."

"வரல ட்வைலா."

"சரி," என்கிறாள், வாயால்.

அந்த மூன்று நீதிபதிகள் முன்னால் இருப்பது நான் அடித்த பதிவு. உங்கள் முன்னால் இருப்பதும் நான் அடித்ததுதான். அவர்களுக்கு இல்லாத கீறல் முட்டையும் மணியும் வெள்ளைக்குக் குளிரும் என்பதும் உங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. நீங்கள் எதையும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. ஆகவே வரி 9ஐ உங்களுக்கு விடுகிறேன். ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரியாது. வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் என்ன என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

கேள்வி: ஓப்பல் ட்வைலாவிடம் திரும்பிப் போக வேண்டுமா?

பதில்: